சுண்ணாம்புக்குக் கீழே மூன்று கோடுகள்

போர்கோ வெக்கியோ, பலெர்மோ, இத்தாலி
26 ஒக்டோபர் 2013

பிள்ளை யுவஸ்ரீக்கு, கீழ்வீட்டு ஞானசேகரம் சொல்ல மகள் நிசாந்தி எழுதுவது.

காலையில் நீங்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு படியிறங்கியபோது, "எங்கை பிள்ளை பயணம்?" என்று கேட்டேன். "டக்கார் போறேன் ஐயா, செனகல் நாடு. மீன்வள மாநாடு, ஒன்பது நாள்" என்றீர்கள். "நல்லது, போட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவடியிலேயே நின்றுவிட்டேன். வாகனம் திரும்பி மறைந்த பிறகுதான் உள்ளே போய் நிசாந்தியைத் தாள் எடுக்கச் சொன்னேன். அந்த ஊருக்கு நான் போயிருக்கிறேன். என் எழுபத்திரண்டு வயதில் ஒரே ஒரு நாள்.

"போனிலை சொல்லுங்கோவன் அப்பா" என்கிறாள் நிசாந்தி. இது எழுத்தில் வேண்டும். அவள் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புவாள். நீங்களும் கடிதமாகவே எழுதுங்கள். காரணம் சொல்கிறேன்.

1974 மாசி மாதம். சுயஸ் கால்வாய் மூடிக் கிடந்த காலம். நானும் தம்பி ஏர்னஸ்றும் ஒரு கிரேக்கக் கப்பலில் தளத்து வேலைக்கு நின்றோம். பாங்கொக்கில் குறுணல் அரிசி ஏற்றி, ஆப்பிரிக்காவின் அடியைச் சுற்றி டக்காருக்குக் கொண்டுபோனோம். வழியில் தம்பிக்கு வயிற்றுக் குத்து வந்தது. மூன்று நாள் துடித்தான். நாலாம் நாள் விடிய, புதன்கிழமை, போய்விட்டான். வயது இருபத்தேழு. டக்காருக்கு இன்னும் ஒரு நாள் ஓட்டம் இருந்தது.

கடலில் இறக்கிவிடுவோம் என்றார் கப்பித்தான். அதுதான் கப்பல் வழக்கம். கப்பலில் தமிழ் எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான், தூத்துக்குடிச் சமையல்காரர். எங்கள் எல்லாருக்கும் அவர்தான் வீட்டுக் கடிதம் எழுதுவார். அவர் உடனே தம்பியின் மனைவி செலஸ்ரீனாவுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்து, "அண்ணே, விரலை வைங்க" என்று நீட்டினார். நான் வைத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிராது.

அரை மணித்தியாலம் கழித்துத் தம்பியைச் சுற்றித் தைக்கப் படங்குச் சீலையோடு வந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டேன். கரையில் வைக்காமல் விடமாட்டேன் என்றேன். மத்தியானம் வரைக்கும் பார்த்துவிட்டுக் கப்பித்தான் மனம் இளகி, ஐஸ் அறையில் வைக்கச் சொன்னார். அடுத்த நாள் டக்காரில் என் கையாலேயே மண் போட்டேன். ஆனால் அந்தக் கடிதம் மற்றக் கடிதங்களோடு சேர்ந்து அங்கேயே தபாலுக்குப் போய்விட்டது. எனக்கு அது நினைவிலேயே இல்லை.

எட்டு மாதம் கழித்து முல்லைத்தீவுக்கு வந்தேன். செலஸ்ரீனா அந்தத் தாளை என் முன்னால் விரித்தாள். "உடலைக் கடலில் அடக்கம் செய்தோம் எண்டு கிடக்கு. கீழை உங்கட விரல் அடையாளம். இப்ப வந்து கரையிலை வைச்சன் எண்டு கதை சொல்லுறியள்" என்றாள். அண்டைக்குக் கதையை நிறுத்தினவள்தான், இன்றைக்கு முப்பத்தொன்பது வருடம். கடைசிச் சண்டையில் ஒரே பதுங்குகுழிக்குள் இருந்தோம், அங்கேயும் கதைக்கவில்லை. இப்போது இந்தப் போர்கோவில் இரண்டு ஒழுங்கை தள்ளி, தன் அக்காவின் மகளோடு இருக்கிறாள். கோயிலில் நான் வலப்பக்கம் இருந்தால் அவள் இடப்பக்கம். நவம்பர் இரண்டாம் திகதி, இறந்தோர் நாளுக்கு, பலெர்மோ முழுக்கக் கல்லறைக்குப் போகும். அவள் மட்டும் மெழுகுதிரியோடு காலாத் துறைக்குப் போய்க் கடலைப் பார்த்துக் கொளுத்திவிட்டு வருவாள்.

பிள்ளை, அந்தக் கல்லறையைத் தேடித் தாருங்கள். துறைமுகத்துக்குக் கிட்ட, கடற்கரையோரச் சேமக்காலை. பெரிய பெருக்கமரம் ஒன்று நின்றது, மன்னாரில் நிற்கிற அதே இனம். தலைமாட்டில் சிலுவை இல்லை. நங்கூரச் சங்கிலியின் ஒரு வளையத்தை நட்டிருக்கிறேன், பாதி மண்ணுக்குள். அந்த இரும்பில் அரத்தால் ஓர் அடையாளம் வெட்டினேன். அது என்ன என்று இங்கே சொல்லமாட்டேன். நிசாந்திக்குக்கூடச் சொன்னதில்லை. நீங்களாகப் பார்த்து எழுதினால்தான் செலஸ்ரீனா நம்புவாள். அவள் எழுத்தை நம்புகிறவள்.

இதை நிசாந்தி எனக்குத் திருப்பி வாசித்துக் காட்டினாள். நான் சொன்னதுதான் இருக்கிறது. விரல் அடையாளம் வைக்கவில்லை. 74க்குப் பிறகு நானாக எந்தத் தாளிலும் வைப்பதில்லை. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோவுக்கு, அதுதான் இங்கே இருக்கிற அனுமதிக்கு, பத்து விரலையும் கேட்டார்கள். முதலில் வாசித்துக் காட்டுங்கள் என்று நின்றுகொண்டேன். இத்தாலி மொழியில் வாசித்தார்கள். ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வாசித்தார்கள்.

ஞானசேகரம்


டக்கார்
28 அக்டோபர் 2013

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை விமான நிலையத்தில் படித்தேன், அறைக்கு வந்து மறுபடி படித்தேன். இரண்டு வருடமாக உங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போய் வருகிறேன். சந்தையில் நான் வாங்கி வரும் மீனைப் பார்த்து, "இது முந்தநாள் மீன், ஏமாத்திப்போட்டான்" என்று சொல்பவராக மட்டுமே உங்களைத் தெரியும். கட்டாயம் தேடுகிறேன்.

நேற்று ஞாயிறு. வெளிநாட்டுக்காரர்கள் நூற்றிருபது பேரை மூன்று பேருந்தில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டினார்கள். எங்கள் வழிகாட்டியின் பெயர் இப்ரா. நான் திருச்சிக்காரி, கடலை ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக்குள் பார்த்தே பழக்கம். இந்த ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் முடிவில் கடல் நிற்கிறது. நிலம் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு போய், இதற்கு மேல் ஆப்பிரிக்கா இல்லை என்கிற இடத்தில் ஊரைக் கட்டியிருக்கிறார்கள். குன்றின் மேல் ஒரு வெண்கலச் சிலை. ஆண், பெண், ஆணின் தோளில் குழந்தை. நம் கோயில் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கே அதன் காலடியில் நின்று நிமிர்ந்தபோது கழுத்து வலித்தது. படிக்கட்டு ஏறி முடித்ததும், மூன்று பக்கமும் நீலம்.

மஞ்சளும் நீலமுமாகப் பூவும் கண்ணும் தீட்டிய சிற்றுந்துகள் ஓடுகின்றன. கரையில் படகுகளுக்கும் அப்படித்தான், ஓர் அங்குலம் விடாமல் வண்ணம். மீன் இறங்கும் நேரத்தில் போனோம். என் ஆய்வில் வெறும் எண்ணாக இருக்கும் மீனெல்லாம் கூடை கூடையாகப் பெண்கள் தலையில் போகிறது. நான் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டேன்.

மதியம் ஒரு பெரிய தட்டைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். மீனும் கிழங்கும் சேர்த்த சோறு. அரிசி என்ன தெரியுமா? குருணை. "எதுக்கு உடைஞ்ச அரிசி?" என்று இப்ராவிடம் கேட்டேன். "எங்க பாட்டி காலத்திலிருந்து கப்பலில் இதுதான் வரும், இப்போ முழு அரிசி கொடுத்தாலும் யாருக்கும் பிடிக்காது" என்றார். எனக்கு உங்கள் கப்பல் ஞாபகம் வந்து கை நின்றுவிட்டது.

புதன் பிற்பகல் எங்களுக்கு அமர்வு இல்லை. இப்ரா கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு ஏதாவது நினைவிருந்தால் எழுதுங்கள்.

யுவஸ்ரீ


பலெர்மோ
29 ஒக்டோபர் 2013

பிள்ளைக்கு,

நிசாந்தி லிபெர்த்தா வீதியில் தான் வேலை செய்கிற வீட்டுச் சின்யோராவுக்குச் சமைத்து முடித்து வந்து, தேத்தண்ணி குடிக்கவும் விடாமல் எழுத வைத்திருக்கிறேன். முறைக்கிறாள். அதையும் எழுது என்றேன்.

குறுணல் அரிசி சாப்பிட்டது நல்லது. அந்தச் சனத்தின் வாய்க்கு அந்த ருசியைப் பழக்கியதில் என் முதுகுக்கும் பங்கு இருக்கிறது. பாங்கொக்கில் நாலாயிரம் மூட்டைக்கு மேல் என் கணக்கில் ஏறியது.

அன்றைய நாளைச் சொல்கிறேன். கப்பல் முகவர் ஒரு குதிரை வண்டில் பிடித்துத் தந்தார். சாம்பல் குதிரை, இடக் காதில் ஒரு வெட்டு. வண்டிலில் பெட்டி, நான் பின்னால் நடை. ஒரு வெள்ளைச் சாமியார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ரயில் பாதை ஒன்றைத் தாண்டினோம். எண்ணெய்த் தாங்கிகள் வந்தன. பிறகு மீன் புகைபோடும் மணம். எங்கள் ஊர்க் கருவாட்டு மணம் இல்லை, இனிப்பு கலந்த புகை. மணம் வந்த இடத்திலிருந்து இருநூறு காலடி வைத்தால் சேமக்காலை வாசல்.

அங்கே ஒரு காவல்காரர். என்னை விடக் கறுப்பு, என்னை விட உயரம், வயது என்னளவுதான் இருக்கும். குழியை அவர்தான் வெட்டினார். நான் கப்பலிலிருந்து தோளில் கொண்டுவந்த சங்கிலி வளையத்தை நட்டேன். எனக்கு அவருடைய பாசை தெரியாது, அவருக்கு என்னுடையது தெரியாது. மற்றக் கல்லறைகள் எல்லாம் வெள்ளை பூசிக் கிடந்தன. நான் வெள்ளையைக் காட்டினேன், என் இரும்பைக் காட்டினேன், கையால் பூசுகிற மாதிரிக் காட்டினேன், பிறகு கடலைக் காட்டி நான் போகிறேன் என்று காட்டினேன். அவர் என்னை வடிவாகப் பார்த்தார். தன் நெஞ்சில் கையை வைத்தார். அவ்வளவுதான்.

அதை நம்பி நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. யார் செய்வான், பிள்ளை. ஆனாலும் அந்தக் கை நெஞ்சில் போன விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வாசித்துக் காட்டினாள். சரியாக இருக்கிறது.

ஞானசேகரம்


டக்கார்
30 அக்டோபர் 2013

ஐயாவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கிடைக்கவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கிளம்பினோம். துறைமுகத்துக்குள் விட மாட்டோம் என்றார்கள். சுற்றுச்சுவரை ஒட்டியே நடந்தோம். ரயில் பாதை இருக்கிறது. ஆனால் அதற்கு அப்பால் நீங்கள் சொன்ன ஊர் இல்லை. பெரிய சாலை, கிடங்குகள், லாரிகள். எண்ணெய்த் தாங்கிகள் நான்கு இடத்தில் இருக்கின்றன. மீன் புகை மணமே இல்லை. ஊருக்குள் இருக்கும் இரண்டு கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களுக்கு இப்ரா கூட்டிப் போனார். இரண்டிலும் பதிவேட்டைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார்கள். 1974 பிப்ரவரியில் இலங்கைக்காரர் யாரும் இல்லை. பெருக்கமரம் என்றால் இந்த ஊரில் தெருவுக்கு ஒன்று நிற்கிறது. ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் அகலம்.

ஐயா, தவறாக நினைக்க வேண்டாம். அன்று நீங்கள் இருந்த நிலையில், தூக்கமில்லாமல், அழுதுகொண்டு நடந்திருப்பீர்கள். நினைவு சில சமயம் இடம் மாற்றி வைத்துவிடும். அது வேறு துறைமுகமாக இருந்திருக்குமோ? கப்பல் பல ஊரில் நின்றிருக்குமே.

நாளை என் உரை. வெள்ளிக்கிழமை எல்லாரையும் படகில் கோரே என்கிற தீவுக்குக் கூட்டிப் போகிறார்கள். சனி, ஞாயிறு மிச்சம் இருக்கிறது.

வருத்தத்துடன்,
யுவஸ்ரீ


பலெர்மோ
31 ஒக்டோபர் 2013, காலை

பிள்ளைக்கு,

நிசாந்தி வேலைக்குப் போகுமுன் எழுதுகிறாள். இது நீளமாக இராது.

நினைவு இடம் மாறும் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதத் தெரிந்தவர்கள் மறக்கலாம், அவர்களுக்குத் தாள் இருக்கிறது. எனக்கு மறக்கிற வசதி இல்லை. அந்தக் குதிரையின் காதைச் சொன்னேன். சாமியாரின் சைக்கிள் மணிக்கு மூடி இல்லை என்பதையும் சொல்லவா?

இதையும் கேளுங்கள். நேற்று உங்கள் கடிதத்தை நிசாந்தி வாசித்தபோது யன்னல் திறந்து கிடந்தது. செய்தி இரண்டு ஒழுங்கை தாண்டிப் போய்விட்டது. செலஸ்ரீனா இரவே சந்தையில் நிசாந்தியைக் கண்டு, "அந்தப் பிள்ளையைப் பாவம் அலைய விடாதையுங்கோ. கடலிலை கிடக்கிறவரைக் கரையிலை தேடினால் கிடைப்பாரோ" என்று சொன்னாளாம். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. ஆறுதலாகச் சொன்னாளாம்.

விடியும் வரைக்கும் கட்டிலில் இருந்து யோசித்தேன். பிழை உங்களில் இல்லை, என்னில்தான். நான் உங்களைத் தரையால் அனுப்பினேன். அந்த ஊரைத் தரையில் ஒரு தரம்தான் நடந்தேன், தலையைக் குனிந்துகொண்டு. ஆனால் கடலிலிருந்து அதைப் பார்த்தேன், நிமிர்ந்து.

நாங்கள் கடலில் வலை போட்ட இடத்தைத் திரும்பவும் எப்படிப் பிடிப்போம்? அங்கே மைல்கல் இல்லை. கரையில் இரண்டு பொருளை எடுத்துக்கொள்வோம். ஒன்று கிட்ட, ஒன்று தூர. இரண்டும் ஒன்றின் பின் ஒன்றாக நேரே வரும்போது நாங்கள் நிற்கிற கோடு தெரியும். அதிலிருந்து பக்கவாட்டில் மூன்றாவதைப் பார்ப்போம். எங்கள் அப்பு கற்றுத் தந்தது அது ஒன்றுதான். அன்று பின்னேரம் கப்பல் வெளிக்கிட்டபோது நான் பின்தளத்தில் நின்று, என்ரை தம்பி கிடக்கிற இடத்தை வலை போட்ட இடத்தைப் போலக் குறித்துக்கொண்டேன்.

துறைமுக வாயிலில் அலையை மறிக்கிற கல்லணை இருக்கிறது. அதன் நுனியில் விளக்குக் கம்பம். ஊருக்குள் பெரிய பள்ளிவாசல், உயரமான ஒற்றைக் கோபுரம். நீங்கள் தீவிலிருந்து திரும்பி வரும்போது படகின் முன்னால் நில்லுங்கள். கோபுரம் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் போய் ஒளிக்கும். ஒளித்த அந்தக் கணத்தில் வலக்கையைப் பக்கவாட்டில் நேரே நீட்டுங்கள். கைநுனியில் மரம் நிற்கும். மரத்துக்குக் கீழே வெள்ளை மதில்.

மரம் செத்திருந்தால் நான் செத்தவன். அப்படியே எழுது என்றேன். வாசித்தும் காட்டினாள்.

ஞானசேகரம்


டக்கார்
2 நவம்பர் 2013

ஐயாவுக்கு,

முதலில் நேற்று நடந்ததைச் சொல்கிறேன், வரிசையாகவே. நீங்கள் வரிசையைக் கேட்பீர்கள்.

கோரே தீவுக்கு இருபது நிமிடப் பயணம். ரோஜா நிற வீடுகள், காகிதப்பூக் கொடிகள், மோட்டார் வண்டி ஒன்றுகூட இல்லை. பார்க்க அவ்வளவு அழகு. அதன் நடுவில், மனிதர்களைப் பிடித்து வைத்துக் கப்பலேற்றிய வீடு. கீழே இருட்டான அறைகள். நடைவழியின் முடிவில் ஒரு வாசல், அதற்கு வெளியே படி இல்லை, தரை இல்லை, கடல்தான். போனவர்கள் திரும்பாத வாசல் என்றார்கள். அங்கே அலைச் சத்தம் மட்டும் கேட்டது. பெயரும் குழியும் இல்லாமல் கடலுக்குப் போன எத்தனை பேர். செலஸ்ரீனா அம்மா மெழுகுவத்தியோடு துறைக்குப் போவது எனக்கு அங்கே புரிந்தது.

திரும்பும் படகில் முன்னால் போய் நின்றேன். இப்ராவும் வந்தார். "என்ன தேடறீங்க?" என்றார். சொன்னேன். சிரிக்கவில்லை. "நான் கோபுரத்தைப் பார்க்கிறேன், நீங்க கம்பத்தைப் பாருங்க" என்றார்.

கோபுரம் இடப்பக்கம் தனியாக நின்றது. கம்பம் வலப்பக்கம். படகு திரும்பத் திரும்ப இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நடந்து வந்தன, ஐயா. அசையாமல் நிற்கும் இரண்டு கட்டடம் நடந்து வருவதை நான் இதுவரை பார்த்ததில்லை. கோபுரம் கம்பத்துக்குப் பின்னால் போனது. "இப்போ" என்றார் இப்ரா. கையை நீட்டினேன். கொள்கலன் அடுக்குகள், பளுதூக்கிகள், மறுபடி அடுக்கு. இரண்டு அடுக்குக்கு நடுவில் ஓர் இடைவெளி. அதில் ஒரு மரத்தின் தலை. ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான், பிறகு இரும்பு மூடிக்கொண்டது. படகோட்டியிடம் கேட்டோம். "அது மீனவர் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற பழைய கல்லறைத் தோட்டம். அந்த ஊர்க்காரர் மட்டும்தான் போவார்கள்" என்றார்.

இன்று காலை போனோம். வாசலுக்கு முன்பே மீன் புகை மணம். இனிப்பு கலந்த புகைதான். காலடி எண்ண மறந்துவிட்டேன், மன்னியுங்கள்.

இன்று இறந்தோர் நாள் அல்லவா. உள்ளே திருவிழாக் கூட்டம். பெண்கள் வாளியில் தண்ணீரும் சுண்ணாம்புமாகக் கல்லறைகளைக் கழுவிப் பூசிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் மதில்மேல். மரம் உயிரோடு இருக்கிறது. நாலு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாது. அதன் அடியில், ஓர் எழுபது வயது அம்மா மண்டியிட்டு ஒரு கல்லறைக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். அதை முடித்தார். வாளியை இழுத்துக்கொண்டு ஓரடி நகர்ந்தார். பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக ஏதோ வளைந்து நின்றது. மட்டையை நனைத்து அதையும் பூசத் தொடங்கினார்.

சங்கிலி வளையம், ஐயா.

அவர் பெயர் தெரேஸ். இப்ரா மொழிபெயர்த்தார். பக்கத்துக் கல்லறை அவருடைய கணவருடையது, கடலில் போன மீனவர், 1981. முதல் வருடம் பூச வந்தபோது, காவல்காரர் இந்த இரும்பைப் பூசிக்கொண்டிருந்தாராம். "இது யாருடையது?" என்று கேட்டிருக்கிறார். "ஒரு மாலுமி. அவன் அண்ணன் வருவான். அதுவரைக்கும் பூசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்" என்றாராம். காவல்காரர் சாகும்போது தெரேஸிடம் ஒப்படைத்திருக்கிறார். "பக்கத்தில்தான் இருக்கிறாய், வாளியில் மிச்சம் இருக்கும்" என்று. அது நடந்து இருபது வருடத்துக்கு மேல். காவல்காரர் முஸ்லிம். அவருக்கு இது பண்டிகையும் இல்லை. அதை இப்ராதான் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார், அவருக்கும் நம்ப முடியவில்லை.

"அண்ணன் உயிரோடு இருக்கிறார்" என்றேன். தெரேஸ் என்னைப் பார்த்துவிட்டுத் தன் நெஞ்சில் கையை வைத்தார். நீங்கள் எழுதிய அதே விதமாக இருக்க வேண்டும். நான் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அடையாளத்துக்காகச் சுரண்ட வேண்டும் என்று தயங்கிச் சொன்னேன். அவரே ஒரு மீன் கத்தியை எடுத்துக் கொடுத்தார். வெள்ளைக்குக் கீழே வெள்ளை. அதற்குக் கீழேயும் வெள்ளை, கொஞ்சம் மஞ்சளாக. ஒவ்வொரு ஏடாக உதிர்ந்தது. உள்ளங்கையில் ஏந்தி வைத்துக்கொண்டேன், தரையில் போட மனம் வரவில்லை. கடைசியில் இரும்பு. வளையத்தின் உட்பக்கம், கடலைப் பார்க்கும் பக்கத்தில், மூன்று கோடுகள் நெட்டாக. அவற்றுக்குக் கீழே ஒரு வளைவு, படகின் அடிபோல. மூன்றாவது கோடு மற்ற இரண்டைப் போல நேராக இல்லை. வலப்பக்கம் சரிந்து, நுனியில் கொஞ்சம் இழுபட்டிருக்கிறது. அரம் வழுக்கியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் மூன்றும் ஒரே ஆழம். வேண்டுமென்றே சரித்தது போல இருக்கிறது.

படம் இணைத்திருக்கிறேன். நான் பார்த்தபடி கையாலும் வரைந்திருக்கிறேன். நினைவைப் பற்றி நான் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

திங்கள் காலை விமானம். தெரேஸிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நாளைக்குள் எழுதுங்கள். ஞாயிறு பூசை முடிந்து அவரைப் பார்ப்பேன்.

யுவஸ்ரீ


பலெர்மோ
3 நவம்பர் 2013, காலை

பிள்ளை யுவஸ்ரீக்கு, ஞானசேகரம் சொல்ல எழுதுவது.

கையெழுத்து மாறியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். நிசாந்தி அடுப்படியில் நிற்கிறாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் இங்கே கேட்கிறது.

நேற்று உங்கள் கடிதம் வந்ததும் அவள் வியா மக்வேதா வீதியில் போன்கடை வைத்திருப்பவரிடம் ஓடிப்போய்த் தாளில் அச்செடுத்தாள். என்னிடம் கொண்டுவரவில்லை. நேரே காலாத் துறைக்குப் போனாள். செலஸ்ரீனா அங்கே கல்லில் மெழுகுதிரியை நட்டுக்கொண்டிருந்தாளாம். நிசாந்தி தாளை நீட்டினாள். செலஸ்ரீனா கண்ணாடியைப் போட்டு நின்றபடியே வாசித்தாள். மூன்று கோடு என்ற இடத்துக்கு வந்ததும் கல்லில் இருந்துவிட்டாள். பிறகு எழும்பி, மெழுகுதிரியைக் கொளுத்தாமலே கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்று காலை என் வாசலில் ஆள் நிழல் விழுந்தது. உள்ளே வரவில்லை.

"மூண்டாவது கோடு சரிஞ்சோ கிடக்கு?" என்று கேட்டாள்.

"ஓம். நீ போட்டபடியே போட்டனான்" என்றேன்.

"கம்பி கையைச் சுட்டுப்போட்டுது அண்டைக்கு" என்றாள்.

பிள்ளைக்கு இப்போது சொல்லலாம். கலியாணம் முடித்த வருடம், தம்பியின் வலை மிதப்புக் கட்டைகள் மற்றவர்களுடையதோடு மாறக்கூடாது என்று செலஸ்ரீனாதான் அடுப்பில் கம்பியைக் காய்ச்சி அடையாளம் சுட்டாள். முதற் கட்டையிலேயே மூன்றாவது கோட்டில் கை பட்டு இழுபட்டது. "வேறை கட்டையிலை நேராய்ச் சுடுறன்" என்றாள். "வேண்டாம், இதுதான் என்ரை அடையாளம், எல்லாத்திலையும் சரிச்சே சுடு" என்று ஏர்னஸ்ற் சொல்லிவிட்டான். அந்தக் கட்டைகள் எல்லாம் சண்டையோடு போய்விட்டன. அந்தச் சரிவு தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான் மிஞ்சினோம். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அதை நான் எழுதினேன்.

அவள் உள்ளே வந்து இருந்தாள். தேத்தண்ணி குடித்தாள், சீனி இல்லாமல். கைப்பையிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்து மேசையில் வைத்தாள். பங்கருக்குள்ளும் இடுப்பில் கட்டி வைத்திருந்தது. மடிப்பெல்லாம் அறுந்துவிட்டது. என் விரல் அடையாளம் மட்டும் அப்படியே கிடக்கிறது. முதற் தரமாக அதை முழுக்க வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். வாசித்தாள். எட்டு வரிதான். சமையல்காரர் நல்ல மனிதர், அழகாக எழுதியிருந்தார். "இதை முதலே கேட்டிருக்கலாம் எல்லோ" என்றாள். ஓம் என்றேன்.

இனித் தெரேஸ் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது. இதை ஒரு வரி விடாமல் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

அம்மா, நான்தான் அந்த அண்ணன். வருவேன் என்று நான் சொல்லவில்லை, போகிறேன் என்றுதான் கையால் காட்டினேன். காவல்காரர் அதை வருவேன் என்று எடுத்துக்கொண்டார். அவர் விளங்கிக்கொண்டதுதான் சரி. அவருடைய பெயரைத் தெரிந்து எழுதி அனுப்புங்கள். இங்கே மலைமேல் கோயில் கொண்டிருக்கிற புனிதை சாந்தா ரொசாலியாவிடம் செலஸ்ரீனா ஞாயிறுதோறும் ஏறுகிறாள். ஏர்னஸ்றின் பெயரோடு அவர் பெயரையும் சொல்லப் போகிறாளாம். முஸ்லிம் பெயர் என்றால் அந்தோணியார் கோபிப்பாரோ என்று நிசாந்தி அடுப்படியிலிருந்து கேட்கிறாள். மலையில் இருப்பது அந்தோணியார் இல்லை என்று செலஸ்ரீனா பதில் சொல்லிவிட்டாள்.

சுரண்டின இடத்தை இனிப் பூசாமல் விடட்டா என்று தெரேஸ் அம்மா கேட்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். செலஸ்ரீனா பேனையை நிறுத்திவிட்டாள். "பூசட்டும். அதுக்கு மேலை பூசினபடியால்தான் இரும்பு நிண்டது" என்கிறாள். அப்படியே செய்யட்டும். நீங்கள் உள்ளங்கையில் ஏந்தினீர்களே அந்த வெள்ளை ஏடுகள், அவற்றை எறிந்திருக்கமாட்டீர்கள் என்று அவள் சொல்கிறாள். எறியாதிருந்தால் ஒன்றைக் கொண்டுவாருங்கள், ஒரு கடதாசியில் சுற்றி.

நீங்கள் பார்த்த சிலையையும் தீவையும் எனக்கு வந்து சொல்ல வேண்டும். அந்த ஊரில் ஒரு நாள் முழுக்க நின்றும் ஒரு மரம், ஒரு மதில், ஒரு மனிதர், அவ்வளவுதான் நான் பார்த்தது. அதுவே எனக்கு முப்பத்தொன்பது வருடத்துக்குப் போதுமாக இருந்தது.

வாசிக்கத் தேவையில்லை, நீ எழுதினால் சரி என்று செலஸ்ரீனாவிடம் சொல்லிவிட்டேன். விரலுக்கு மை கேட்டேன். நிசாந்தி அடுப்புக் கரியை எண்ணெயில் குழைத்துத் தந்தாள்.

ஞானசேகரம்

மேலே இருப்பது அத்தானின் வலக்கைப் பெருவிரல். வாசிக்கத் தேவையில்லை என்றார். முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் வைக்க விட்டேன்.

செலஸ்ரீனா ஏர்னஸ்ற்